ஒரே வழித்தடம், மூன்று ஏற்பாடுகள்: 14 வருடப் பேருந்துப் பயணம்

14 வருடமாக ஒரே பேருந்தில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். நிறுத்தத்தில் ஏறினால் இறங்க முக்கால் மணி நேரம். வண்டியின் எண் மாறவில்லை, பாதையும் பெரிதாக மாறவில்லை. ஓட்டுபவர்தான் இரண்டு முறை மாறினார். முதலில் அரசு நிறுவனமே ஓட்டியது. அடுத்து, டிக்கெட் வசூலைத் தானே எடுத்துக்கொள்ளும் தனியார். இப்போதும் தனியார்தான், ஆனால் வசூல் அரசுக்குப் போகிறது, ஓடிய கிலோமீட்டருக்கு அரசு பணம் கொடுக்கிறது.

"அரசு ஓட்டினால் நல்லதா, தனியார் ஓட்டினால் நல்லதா?" என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஓட்டுகிறவருக்கு எதற்காகப் பணம் போகிறது? அது தெரிந்தால் காலை எட்டரை மணிக்கு நிறுத்தத்தில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடலாம்.

அரசு நிறுவனம் ஓட்டிய காலத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். வண்டிகள் பழையவை, மழை வந்தால் ஜன்னலோர சீட் நனையும். பழுதானால் மாற்று வண்டி கிடையாது, அந்த டிரிப் அப்படியே ரத்து. ஆனால் இரவு பத்து மணிக் கடைசி வண்டி நாலு பேர் இருந்தாலும் கிளம்பும். அந்த வண்டியை நம்பித்தான் என் நிறுத்தத்தில் இரண்டு செவிலியர்கள் இரவுப் பணிக்குப் போனார்கள்.

வசூலைத் தானே எடுத்துக்கொள்ளும் தனியார் வந்ததும் வண்டிகள் புதிதாயின. முதல் மாதம் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு பார்த்தால், காலையில் கூட்டம் உள்ள நேரத்தில் வண்டிக்குப் பின் வண்டி, மதியம் ஒன்றுமே இல்லை. டெர்மினஸில் சீட் நிரம்பும் வரை வண்டி நகராது. நிரம்பியதும், பின்னால் வரும் வண்டி அடுத்த நிறுத்தத்து ஆட்களை எடுத்துவிடக் கூடாது என்று ஒரே ஓட்டமாக ஓடும். கண்டக்டர் படியில் தொங்கியபடி "சீக்கிரம், சீக்கிரம்" என்று வண்டியின் பக்கத்தைத் தட்டுவார். முழங்கால் வலியுள்ள என் அம்மா ஒரு காலைப் படியில் வைத்திருக்கும்போதே வண்டி நகர்ந்தது. பக்கத்தில் நின்றவர் கையைப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார். அன்று எனக்கு டிரைவர் மேல் வந்த கோபம், அவருடைய அன்றைய வருமானமே தலையெண்ணிக்கையில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு திசை மாறியது. சிலி நாட்டுச் சாண்டியாகோவிலும் கொலம்பியாவின் போகோட்டாவிலும் பல ஆண்டுகள் இதே நிலைதான். ஸ்பானிய மொழியில் இதற்குச் 'சில்லறைக் காசுச் சண்டை' என்று பொருள்படும் ஒரு பெயரே உண்டு.

அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் வருடம் பத்து மணி வண்டி நின்றுபோனது. கட்டுப்படியாகவில்லை என்றார்கள், அது உண்மையும்கூட. நாலு பேருக்கு ஓட்டினால் டீசலுக்கே காணாது. ஆனால் கடைசி வண்டி இல்லையென்றால், மாலையில் போனவரும் திரும்பி வர வழி தெரியாமல் பேருந்தை விட்டுவிடுகிறார். அந்தச் செவிலியர்களில் ஒருவர் கடன் வாங்கி ஸ்கூட்டர் வாங்கினார். அதற்குப் பிறகு பகலிலும் அவரைப் பேருந்தில் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட வண்டி ஓட வேண்டுமானால் பொதுப்பணம் வேண்டும். பொதுப்பணம் ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளியலாளர் 1972-இல் அதை எழுதிக் காட்டினார். ஒரு வழித்தடத்தில் ஆள் கூடினால் வண்டிகள் கூடும், வண்டிகள் கூடினால் ஏற்கெனவே பயணம் செய்கிறவர்களுக்கும் காத்திருப்பு குறையும். ஒருவர் ஏறுவதால் மற்ற எல்லோருக்கும் கிடைக்கும் இந்த லாபம் எந்த டிக்கெட் வசூலிலும் வராது. அதை ஈடுகட்டத்தான் மானியம். நஷ்டத்தை மூடி மறைக்கக் கொடுக்கும் பணம் என்று அதைப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இப்போது ஓடும் மூன்றாவது ஏற்பாட்டுக்கு வருகிறேன். வசூல் அரசிடம் போவதால் டிரைவர்கள் போட்டி போட்டு ஓட்டுவது மறுநாளே நின்றது. பத்து மணி வண்டி திரும்பி வந்தது. தாழ்தளப் பேருந்து வந்தது, டிரைவர் நடைபாதையை ஒட்டி நிறுத்தினால் அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறுகிறார்.

ஆனால் சில வாரங்களில் வேறொரு தொல்லை. கை காட்டினாலும் வண்டி நிற்காது. பாதி காலியாக இருக்கும் வண்டி நடுத் தடத்திலேயே போய்விடும். நின்றால் நேரம் போகும், நின்று ஆள் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் கிலோமீட்டர் கிலோமீட்டர்தான். சாண்டியாகோவில் 2007 பிப்ரவரியில் புதிய பேருந்து அமைப்பைத் தொடங்கியபோது இது பெரிய அளவில் நடந்தது. எத்தனை பேர் ஏறினாலும் வருமானத்தின் பெரும்பகுதி உறுதி என்று ஒப்பந்தம் இருந்ததால், நிறுவனங்கள் போதிய வண்டிகளை வெளியே எடுக்கவில்லை. ஊரே தெருவில் நின்றது, அதிபர் பச்செலே மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு வந்த ஒப்பந்தங்களில் ஏற்றிய பயணிகளின் எண்ணிக்கையையும் கட்டணக் கணக்கில் சேர்த்தார்கள்.

இரண்டாவது தொல்லை, வண்டிகள் கொத்தாக வருவது. இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகாரிகளின் அறிக்கையில் இது தெரிவதே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி சீராக வந்தால், நேரம் பார்க்காமல் வருகிறவர் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்பார். அதே வண்டிகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் சராசரி பத்து நிமிடம். ஓடிய டிரிப் அதே எண்ணிக்கை, கிலோமீட்டர் அதே, கொடுக்கும் பணமும் அதே. நிறுத்தத்தில் நிற்பவரின் காத்திருப்பு மட்டும் இரட்டிப்பு. முன்னால் வரும் வண்டியில் மூச்சு விட இடமிருக்காது, பின்னால் வருவதில் கண்டக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

லண்டனில் இதையேதான் அளக்கிறார்கள். அடிக்கடி ஓடும் வழித்தடங்களில், அட்டவணைப்படி காத்திருக்க வேண்டியதைவிடப் பயணி எவ்வளவு கூடுதலாகக் காத்திருந்தார் என்பதுதான் கணக்கு. 2001 முதல் அந்த எண்ணைப் பொறுத்து ஒப்பந்ததாரருக்கு ஊக்கத்தொகையும் பிடித்தமும் உண்டு. பாதை, நேரம், கட்டணம் மூன்றையும் அரசுத் தரப்பே முடிவு செய்கிறது. பிரிட்டனின் பெரும்பகுதியில் 1986 அக்டோபரில் பேருந்துகளைச் சந்தையிடம் விட்டபோது லண்டனை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்தார்கள். மற்ற ஊர்கள் பலவற்றில் பயணிகள் குறைந்துகொண்டே போனார்கள். கிரேட்டர் மான்செஸ்டர் 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் தன் பேருந்துகள் எல்லாவற்றையும் மறுபடி பொதுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஓட்டுவது அங்கேயும் தனியார்தான்.

எங்கள் வழித்தடத்தில் நிறுத்தங்களைத் தாண்டிப் போவதற்கு அபராதம் வந்த பிறகு வண்டிகள் நிற்கின்றன. கொத்தாக வருவதற்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. இதைப் பற்றி அரசுப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டால், "ஒப்பந்ததாரரைக் கேளுங்க சார், ஓட்டுறது அவங்க" என்பார்கள். ஒப்பந்ததாரரின் டிப்போவில் கேட்டால், "ஷெட்யூல் போடுறது அவங்க, நாங்க என்ன செய்ய?" இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் கூடுகிறது.

டிரைவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. குறைந்த விலைக்கே டெண்டர் என்றால் நிறுவனம் முதலில் கை வைப்பது சம்பளத்திலும் டெர்மினஸில் கிடைக்கும் இடைவேளையிலும்தான். ஒரு டிரைவர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். டெர்மினஸில் கழிப்பறை இல்லை, இருக்கிற ஆறு நிமிடத்தில் வெளியே தேடிப் போகவும் முடியாது. ஆறு மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார். போன வருடம் அரசிடமிருந்து பணம் வரத் தாமதமானபோது சம்பளமும் தாமதமானது. வண்டிகள் பழுதென்று உள்ளே நின்றன, எங்களுக்கு மறுபடி அரை மணி நேரக் காத்திருப்பு.

ஒப்பந்தம் முடியப்போகிறது. இந்த முறை போட்டிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான் என் கவலை, ஏனென்றால் டிப்போ நிலம் இப்போதைய ஒப்பந்ததாரருடையது. புதிதாக வருகிறவர் வண்டியை எங்கே நிறுத்துவார்? சிங்கப்பூர் 2016-இல் ஒப்பந்த முறைக்கு மாறியபோது பேருந்துகளும் டிப்போக்களும் அரசின் கையிலேயே இருக்கும்படி செய்தது. அதனால் அதுவரை அங்கே ஓட்டாத நிறுவனங்களும் டெண்டரில் வென்று உள்ளே வந்தன.

பொதுமக்கள் கருத்துக்குக் கொடுத்த படிவத்தில் மூன்று விஷயம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: டிப்போவை அரசு வாங்க வேண்டும், கூடுதல் காத்திருப்பை அளந்து பிடித்தம் செய்ய வேண்டும், டெர்மினஸில் கழிப்பறை கட்டுவதை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். பத்து மணி வண்டியைப் பற்றித் தனியாக ஒரு தாள் இணைத்தேன். அந்த வண்டியில் வருகிற பதினோரு பேர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.