கப்பல் எங்கே நிற்கிறது? பெரிய கப்பல், ஆற்றுக் கப்பல், சின்னக் கப்பல்: ஓர் ஒப்பீடு

கப்பல் பயண அட்டவணையில் 'பாரிஸ்' என்று போட்டிருப்பார்கள். கப்பல் போய் நிற்பது லே ஹாவ்ர் துறைமுகத்தில். அங்கிருந்து பாரிஸ் சுமார் 200 கிலோமீட்டர். 'ரோம்' என்றால் சிவிடவெக்கியா, அதுவும் நகரத்தை விட்டு 70 கிலோமீட்டர் தள்ளி. 'பெர்லின்' என்றால் பால்டிக் கரையில் உள்ள வார்னமுண்டே. போக ஏறக்குறைய மூன்று மணி நேரம், திரும்பி வர இன்னொரு மூன்று மணி நேரம்.

கப்பல் சுற்றுலாவுக்குக் கிளம்புகிறவர்கள் கேபின், சாப்பாடு, நீச்சல் குளம் எல்லாவற்றையும் அலசி எடுத்துவிடுகிறார்கள். கப்பல் எங்கே நிற்கும் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அது பெரும்பாலும் கப்பலின் அளவைப் பொறுத்தது.

இன்றைய பெரிய கப்பல் எவ்வளவு பெரிது? 2024 ஜனவரியில் முதல் பயணம் போன 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் நீளம் 365 மீட்டர். 20 தளங்கள். முழுக்க நிறைந்தால் 7,600 பயணிகள். கப்பலே ஓர் ஊர்தான். மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பத்துக்கு இதைவிட வசதி வேறில்லை. பிள்ளைகளுக்கு நீர்ச்சறுக்கு, தாத்தா பாட்டிக்கு லிஃப்ட்டும் மருத்துவரும், பெட்டியை ஒரே ஒரு தடவை பிரித்து அடுக்கினால் போதும். கரீபியன் கடலின் வெயிலும் நீலத் தண்ணீரும்தான் வேண்டும் என்றால் தயங்காமல் இதில் ஏறலாம்.

ஊர் பார்க்கப் போகிறவருக்கு இதே கப்பல் இடைஞ்சலாகிவிடும். வெனிஸில் செயின்ட் மார்க் சதுக்கத்தை ஒட்டிய நீர்வழியில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் 2021 ஆகஸ்ட் முதல் நுழையக் கூடாது. கிரீஸின் சாண்டோரினித் தீவில் பெரிய கப்பலைக் கரையோடு கட்ட வழியே இல்லை. கடலிலேயே நிறுத்தி, 'டெண்டர்' என்னும் சின்னப் படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அப்புறம் செங்குத்தான குன்றின் மேல் இருக்கும் ஃபிரா நகரத்துக்குப் போகக் கேபிள் கார் வரிசை. ஒரே நாளில் மூன்று நான்கு கப்பல்கள் வந்துவிட்டால் உங்கள் பகலில் பெரும்பங்கு அந்த வரிசையிலேயே போய்விடும். கூட்டம் தாங்காமல்தான் 2025 முதல் அங்கே கப்பல் பயணிகளுக்கு ஒரு நாளைக்கு 8,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். அட்டவணையில் 'டெண்டர்' என்ற சொல்லைப் பார்த்தால், அந்த ஊரில் கையில் கிடைக்கும் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கழித்துக் கணக்குப் போடுங்கள்.

பெரிய கப்பல் தோற்காத இடமும் உண்டு. இறங்கவே தேவையில்லாத இடம் அது. அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. கரையில் நிற்பதே இல்லை. பூங்காக் காவலர்கள் கப்பலில் ஏறி வந்து விளக்கம் சொல்ல, பனியாற்றின் முன்னால் கப்பல் மெதுவாகத் திரும்பி நிற்கும். பனிச்சுவர் உடைந்து தண்ணீரில் விழும் சத்தம் துப்பாக்கி வெடித்ததுபோல் வந்து சேரும். நார்வேயில் கடல் மலைகளுக்கு நடுவே நுழைந்திருக்கும் கெய்ராங்கர் ஃபியர்டும் அப்படித்தான். 15 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு பக்கமும் மலை, 'ஏழு சகோதரிகள்' அருவி. மேல்தளம் உயரமாக இருப்பதே அங்கே ஒரு வசதி.

ஊர்களுக்கு என் ஓட்டு ஆற்றுக் கப்பலுக்கு. ஐரோப்பிய ஆறுகளில் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுகள் சுமார் 12 மீட்டர் அகலம்தான். அதனால் ஆற்றுக் கப்பல் 11.4 மீட்டர் அகலம், 135 மீட்டர் நீளத்தைத் தாண்டுவதில்லை. பயணிகளும் பெரும்பாலும் 200 பேருக்குள். ஆனால் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள்: புடாபெஸ்டில் நகரத்தின் நடுமத்தியில். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பாலங்களும் நாடாளுமன்றக் கட்டடமும் விளக்கில் ஜொலிப்பதை நடந்தே போய்ப் பார்க்கலாம். பிராட்டிஸ்லாவாவிலும் பழைய நகரம் நடை தூரம். வியன்னாவில் மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்துவார்கள், மெட்ரோவில் போக வேண்டும். கடல் மயக்கம் என்ற பேச்சே கிடையாது.

குறையும் உண்டு, சின்னதல்ல. ஆறு வற்றினால் கப்பல் போகாது. 2018லும் 2022லும் ரைன் நதியில் தண்ணீர் இறங்கியபோது பல பயணங்கள் பாதியில் பஸ் பயணமாக மாறின. வெள்ளம் வந்தாலோ பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. வறட்சி வரும் கோடைக் கடைசியை நான் தவிர்க்கச் சொல்வேன். இன்னொன்று: நெரிசலான ஊர்களில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். நீங்கள் ஆசைப்பட்டு எடுத்த ஜன்னல் கேபின் பக்கத்துக் கப்பலின் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும். முன்பதிவுக்கு முன்னால், டான்யூபில் வாகௌ பள்ளத்தாக்கையும் ரைனில் பிங்கனுக்கும் கோப்ளன்ஸுக்கும் இடையிலான 65 கிலோமீட்டர் கோட்டைக் கரையையும் பகலில் கடக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இரவில் கடந்தால் அந்தப் பயணத்தின் சாரமே போயிற்று.

நைல் நதியில் லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே போட்டி வேறு மாதிரி. மோட்டார் கப்பலா, தஹபியா என்னும் பாய்மரப் படகா? வேகமும் வசதியும் மோட்டார் கப்பலுக்கு. கோம் ஓம்போ கோயில் ஆற்றங்கரையிலேயே இருப்பதால் இரண்டில் எதில் போனாலும் இறங்கி நடந்தால் போதும். ஆனால் பெரியது ஒதுங்க முடியாத மணல்திட்டுகளில் தஹபியா ஒதுங்கும். நாள் கையில் இருந்தால் தஹபியாதான்.

விலங்குகளையும் பனியையும் பார்க்க வேண்டுமா? அங்கே பேச்சுக்கே இடமில்லை, சின்னக் கப்பல்தான். அண்டார்டிகாவில் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையில் இறக்க முடியாது; ஓர் இடத்தில் ஒரே சமயத்தில் 100 பேர்தான் நிற்கலாம். 100 பேர் கப்பல் என்றால் எல்லோரும் ஒன்றாக இறங்கிவிடலாம். 400 பேர் கப்பல் என்றால் முறைவைத்துக் காத்திருக்க வேண்டும். கலாபகஸ் தீவுகளில் கப்பலுக்கு 100 பேர் என்பதே உச்சவரம்பு, ஒரு வழிகாட்டியோடு 16 பேர். இதற்குக் கொடுக்கும் விலை உடம்பு சார்ந்தது: அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உஷுவாயாவிலிருந்து அண்டார்டிகா போக ட்ரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள், சின்னக் கப்பல் அதில் நன்றாகவே ஆடும். குமட்டலுக்குப் பயப்படுகிறவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுக்கட்டும்.

இந்த மூன்றிலும் அடங்காத ஒன்று என் மனதுக்கு மிக நெருக்கம்: 1893இல் தொடங்கி இன்றும் ஓடும் நார்வேயின் கடலோரக் கப்பல் சேவை. பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்கு அருகில் உள்ள கிர்கெனஸ் வரை 34 துறைமுகங்கள், போய்த் திரும்ப 12 நாள். பெரிய கப்பலின் கேளிக்கைகளை இதில் எதிர்பார்க்கக் கூடாது. சரக்கும் ஏற்றுகிறார்கள், உள்ளூர்க்காரர்களும் ஏறுகிறார்கள். வடக்கே போகும்போது இரவில் தாண்டிய ஊர்கள் தெற்கே திரும்பும்போது பகலில் வரும். அதனால் முடிந்தால் இரண்டு வழியும் எடுங்கள். சில ஊர்களில் கால் மணி நேரம்தான் நிற்கும். நடுநிசியில் பக்கவாட்டுக் கதவு திறக்க, ஃபோர்க்லிஃப்ட் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் இறங்குவார், கரையில் காத்திருந்தவர் கார் விளக்கைப் போடுவார். கயிறு அவிழ்ந்ததும் கப்பல் கிளம்பிவிடும்.