கொதிக்கும் குண்டானா, மூங்கில் கூடையா?

சீனச் சாப்பாடு என்றால் எங்கள் குடும்பத்துக்குப் பல வருடமாக ஒரே இடம்தான். கோலாலம்பூர் கிள்ளான் சாலைப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்ட தாய்ச்சாவ் கடை, அதாவது கேட்டதைச் சமைத்துத் தரும் சாதாரணச் சீனக் கடை. இஞ்சி போட்டு அவித்த மீன், உப்பு முட்டை இறால், பூண்டு போட்ட கங்கோங் கீரை. கடைக்காரருக்கு எங்களைத் தெரியும். மாடும் பன்றியும் அம்மா தட்டுக்கு வரக்கூடாது என்பதும் தெரியும். இப்போது பேரங்காடிக்குப் பேரங்காடி பெரிய பெயர்க் கடைகள் வந்துவிட்டன. மகளுக்கு அங்கேதான் போக வேண்டும். ஆறு மாதத்தில் ஹாய்டிலாவுக்கு இரண்டு முறை, டின் தாய் ஃபங்குக்கு மூன்று முறை போய்விட்டோம். எது நல்லது என்று குடும்ப வாட்ஸ்அப்பில் இன்னும் சண்டை ஓயவில்லை.

முதலில் யார் எவர் என்று சொல்லிவிடுகிறேன். ஹாய்டிலாவ் சீனாவின் சிச்சுவான் மாநிலத்து ஹாட்பாட் கடை, மேசையிலேயே கொதிக்கும் குண்டானில் நாமே வேகவைத்துச் சாப்பிட வேண்டும். 1994இல் ஜியான்யாங் என்ற ஊரில் நான்கு மேசையோடு ஆரம்பித்தவர் ஜாங் யோங், அதற்கு முன் டிராக்டர் ஆலைத் தொழிலாளி. டின் தாய் ஃபங் தைவானுடையது. யாங் பிங்யீ 1958இல் தைப்பேயில் சமையல் எண்ணெய்க் கடையாகத்தான் திறந்தார். எண்ணெய் டின்னில் அடைத்து வர ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. 1972வாக்கில் கடையின் ஒரு பாதியில் சியாவ்லோங்பாவ், அதாவது உள்ளே சூப் இருக்கும் கொழுக்கட்டை மாதிரிப் பண்டத்தை, மூங்கில் கூடையில் அவித்து விற்றார். கொஞ்ச நாளில் எண்ணெய் போய் பாவ் மட்டும் நின்றது.

ஹாய்டிலாவுக்குச் சன்வே பிரமிட் பேரங்காடியில்தான் போனோம். ஞாயிறு மதியம், வாசலிலேயே கூட்டம். ஆனால் காத்திருப்பது அங்கே தண்டனை இல்லை. நொறுக்குத் தீனி கொடுக்கிறார்கள், விளையாட்டுப் பலகை இருக்கிறது, நகத்துக்குச் சாயம் கூடப் பூசிவிடுகிறார்கள். வரிசை சீக்கிரம் நகர்ந்துவிட்டதே என்று என் மகள் வருத்தப்பட்டாள். உள்ளே உட்கார்ந்ததும் மேலங்கி, கூந்தல் கட்ட ரப்பர், கைப்பேசி நனையாமல் இருக்கப் பை. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்குக்கூட இவ்வளவு கவனிப்பு கிடைக்காது. தொடக்கத்தில் தன் சமையல் சுமார்தான், அதனால் உபசரிப்பில் ஈடுகட்டினேன் என்று ஜாங் யோங்கே சொல்லியிருக்கிறார். அந்தக் குணம் இன்னும் மாறவில்லை.

மேசை நடுவில் குண்டான். அதை நான்காகத் தடுத்து நான்கு சூப் வாங்கலாம். எங்களைப் போன்ற வீட்டுக்கு இது வரப்பிரசாதம் என்றுதான் நினைத்தேன். அம்மாவுக்குக் காளான், மகளுக்குத் தக்காளி, எங்களுக்கு மாலா என்ற சிச்சுவான் காரச் சூப். அவரவர் தட்டை அவரவர் பார்த்துக்கொள்ளலாம், காய்கறியும் தவ்ஃபுவும் (சோயாக் கட்டி) பாதி அளவில் கிடைக்கும்.

ஆனால் இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சிவப்பு மாலா சூப்பைப் பரம்பரை முறையில் மாட்டுக் கொழுப்பில்தான் காய்ச்சுவார்கள். மேலே மிதக்கும் எண்ணெயின் மணமே அதுதான். இறைச்சித் தட்டில் மாடு வாங்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துவிடக்கூடாது. தாவர எண்ணெயில் செய்யும் மாலாவும் உலகத்தில் இருக்கிறது, அதனால் கேட்பதில் வெட்கம் வேண்டாம். "அடா லெம்பு?" (மாடு இருக்கிறதா?) என்று மலாயில் கேட்டால் நேராகப் பதில் வந்துவிடும். சாஸ் மேசையிலும் கிண்ணங்களைப் பார்த்து எடுங்கள். தக்காளி சூப்பில் தூவிக்கொள்ள இறைச்சித் துணுக்கு வைத்திருப்பார்கள். தடுப்புச் சுவரும் அப்படித்தான்: கொதி ஏறினால் பக்கத்துச் சூப் தெறிக்கத்தான் செய்யும். சுத்த சைவக்காரர்களுக்கு இது ஆகாது. நான்கு பக்கமும் சைவ சூப்பே வாங்கினால்தான் நிம்மதி.

மாலாவில் நாக்கை மரத்துப்போக வைப்பது சிச்சுவான் மிளகு. மிளகு என்று பெயர்தான், நம் மிளகுக்கு உறவில்லை. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் சேர்ந்த குடும்பத்துச் செடி அது. இதைச் சொன்னதும் கணவர், "அப்ப சொந்தக்காரன்தான்" என்று இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

இளசுகளுக்கு இந்த இடம் சொர்க்கம். நூடல்ஸ் மாவைக் கையில் சுழற்றி ஆடிக்கொண்டே இழுக்கும் பையன் வந்தால் எல்லார் கைப்பேசியும் மேலே போய்விடும். பக்கத்து மேசையில் பிறந்தநாள் என்றால் ஊழியர்கள் கூட்டமாக விளக்குப் பலகையோடு வந்து பாடுவார்கள். நான் கைதட்டினேன். அம்மா சூப்புக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் காரில்தான் வாயைத் திறந்தார்: "ஏம்மா, வாரம் பூரா வீட்டில கொதிக்க விடுறது நான்தான். அங்கேயும் காசு கொடுத்து நானேதான் கொதிக்க விடணுமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது?

டின் தாய் ஃபங்குக்கு மிட்வேலியை ஒட்டிய கார்டன்ஸ் பேரங்காடியில் போகிறோம். இங்கே வேடிக்கை கண்ணாடிக்கு அந்தப் பக்கம். வெள்ளை உடுப்பு, முகக்கவசம் போட்டவர்கள் வரிசையாக நின்று மாவை உருட்டி, பூரணம் வைத்து, மடித்துக்கொண்டே இருப்பார்கள். யாரும் ஆடுவதில்லை, பாடுவதில்லை. ஒரு பாவுக்குப் 18 மடிப்பு. மாவு 5 கிராம், பூரணம் 16 கிராம், நிறுத்துப் பார்த்துத்தான் கூடைக்குப் போகும். அம்மா அந்தக் கண்ணாடி முன்னால் பத்து நிமிடம் நின்றார். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை மடித்துக் கை வலித்தவருக்குத்தான் அந்தப் பதினெட்டின் அருமை தெரியும்.

"மாவுக்குள்ள சூப்பை எப்படி ஊத்துறாங்க?" என்று கேட்டார். ஊற்றுவதில்லை. பன்றித் தோலைக் காய்ச்சி ஆறவைத்தால் கட்டியாகிவிடும், அதைப் பூரணத்தோடு கலந்து மடிக்கிறார்கள், ஆவியில் அது உருகிச் சூப்பாகிறது. பன்றி என்று கேட்டதும் அம்மாவின் ஆர்வம் அப்படியே அடங்கியது. ஆக, கடையின் பேர்பெற்ற பண்டம் அவருக்கில்லை. ஆனால் இறால் முட்டைச் சோறு, பூண்டு கீரை, காய்கறியும் காளானும் வைத்த பாவ், கடைசியில் சிவப்பு அவரைப் பாவ் என்று வயிறு நிறைந்துவிட்டது. எல்லாம் சமைத்து, சூடாக, உட்கார்ந்த இடத்துக்கு வந்தது. தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "இதுதான் ஓட்டல்" என்றார்.

சாப்பிடும் முறை தெரியாமல் நாக்கைச் சுட்டுக்கொள்பவர்கள் இங்கே அதிகம், நானும் ஒருத்தி. இஞ்சிக் குச்சிமேல் சோயா ஒரு பங்கு, கறுப்புக் காடி (வினிகர்) மூன்று பங்கு ஊற்றி, பாவைக் கரண்டியில் வைத்து ஓரத்தைச் சின்னதாகக் கடித்து, சூப்பை முதலில் உறிஞ்சிவிட வேண்டும். முழுதாக வாயில் போட்டால் தொலைந்தீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. இங்கே சட்டியில் என்ன போகிறது என்பது நம் கையில் கிடையாது. ஹாய்டிலாவில் குறைந்தது கரண்டி நம்மிடம் இருக்கிறது. இந்த இரண்டும் அல்லாத வேறொரு பெரிய கடையில், புரட்டாசியில் "காய்கறி மட்டும்" என்று இரண்டு முறை சொல்லி வாங்கிய கீரையில் கோழிச் சாறு இருந்தது. பாதி சாப்பிட்ட பிறகு தெரிந்தது. அதிலிருந்து "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் நான் சொல்வதில்லை. சாறு, கொழுப்பு, சிப்பி சாஸ் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்கிறேன்.

பணம்? எங்கள் நால்வருக்கு ஹாய்டிலாவில் முந்நூறு வெள்ளியை (ரிங்கிட்) தொட்டது, டின் தாய் ஃபங்கில் இருநூறுக்குள் முடிந்தது. ஹாய்டிலாவில் ஆசைப்பட்டுத் தட்டுத் தட்டாகச் சேர்த்தது மகள்தான், கடையைக் குறை சொல்ல முடியாது. இந்த மாதிரி இடங்களில் பட்டியல் விலையோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 6 விழுக்காடு சேவை வரி ஏறும் என்பதை மனக்கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள். தாய்ச்சாவ் கடையில் இதே நால்வர் நூறு வெள்ளிக்குள் சாப்பிட்டு மீதியைத் தப்பாவ் செய்து (பொட்டலம் கட்டி) வந்திருப்போம். இதை நான் சொன்னால் மகள் கண்ணை உருட்டுகிறாள்.

மலாய்த் தோழிகளோடு போவதானால் இரண்டுமே சரிவராது. 'பன்றி இல்லை' என்ற பலகையும் ஹலாலும் ஒன்றல்ல. மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் சின்னம் உள்ள இடமாகப் பாருங்கள். அலுவலகக் கூட்டத்துக்கு நாங்கள் 'சிக்கன் ரைஸ் ஷாப்' என்ற கடைக்குப் போவது அதனால்தான். அங்கே கதை சொல்ல ஒன்றும் இல்லை, கோழியும் சோறும், யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

மற்றபடி, இளம்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், மூன்று மணி நேரம் அரட்டை என்றால் நான் குண்டானுக்கே ஓட்டுப் போடுவேன். தனியாக ஒரு மதியம், அல்லது வயதானவர்களோடு என்றால் மூங்கில் கூடை. அடுத்த மாதம் அம்மாவுக்கு எழுபது. நாள் புரட்டாசியில் விழுகிறது. கார்டன்ஸ்தான் என்று முடிவாகிவிட்டது, அங்கேயும் சாறு, கொழுப்பு, சிப்பி சாஸ் விசாரணை என் பொறுப்பு. அம்மாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று: "பிறந்தநாள்னு அங்கே யார்கிட்டேயும் சொல்லிடாதீங்க."