அடுக்களையில் எஸ்பிரெசோ: பிக்கோபிரெசோ கைக்கருவி மதிப்புரை

வீட்டில் எஸ்பிரெசோ போடத் தொடங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மின்சார இயந்திரங்களைத்தான் தேடுகிறார்கள். அவற்றின் பெட்டிமேல் '15 பார்', '20 பார்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). நல்ல எஸ்பிரெசோவுக்குக் காப்பித்தூளின்மேல் ஏறத்தாழ 9 பார் அழுத்தமே போதும் என்பதால் அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வக்காக்கோ நிறுவனத்தின் பிக்கோபிரெசோ என்ற, கையால் அழுத்தி இயக்கும் கருவியை காப்பிக்கொட்டை அரைக்கும் ஒரு நல்ல கைக் கிரைண்டருடன் சேர்த்து நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் பயன்படுத்திவருகிறேன். ஒருவரோ இருவரோ எஸ்பிரெசோ குடிக்கும் வீட்டுக்கு இது மிகப் பொருத்தமான தொடக்கம் என்பது என் கருத்து. வீட்டில் எல்லோருக்கும் பால் காப்பி வேண்டுமென்றால் என் பரிந்துரை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கல்யாண மண்டபங்களில் நீராவியைப் பாலில் பீய்ச்சி நுரை பொங்கத் தரும் காப்பியைத்தான் நம்மில் பலர் எஸ்பிரெசோ என்று குடித்து வளர்ந்திருக்கிறோம். அதன் ருசி தனி. ஆனால் உண்மையான எஸ்பிரெசோவில், நைசாக அரைத்து இறுக்கிய தூளின் வழியே வெந்நீர் உயர் அழுத்தத்தில் புகுந்து வெளிவர வேண்டும். இத்தாலியில் தொடக்ககால இயந்திரங்கள் நீராவியின் அழுத்தத்தை மட்டுமே நம்பியிருந்தன. 1940களில் அக்கிலே காஜ்ஜியா நெம்புகோலை இழுத்து அழுத்தம் உண்டாக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் கோப்பையின் மேல் க்ரீமா எனப்படும் பொன்னிற நுரை படிந்தது. மின் பம்ப் பொருத்திய ஃபேமா இ61 இயந்திரம் வந்தது 1961இல். ஆகவே கை வலுவால் எஸ்பிரெசோ எடுப்பதைக் குறைந்த தரத்து மாற்றுவழி என்று எண்ண வேண்டியதில்லை. இன்றைய எஸ்பிரெசோ பிறந்ததே அப்படித்தான்.

பிக்கோபிரெசோ உள்ளங்கையில் அடங்கும் அளவுடையது; எடை ஏறத்தாழ 350 கிராம். தூள் இடும் பாஸ்கெட் 52 மில்லிமீட்டர் அகலமுள்ளது, 18 கிராம் கொள்ளும். நீர்த்தொட்டியில் 80 மில்லிலிட்டர் ஊற்றலாம். தூளைக் கிளறிக் கட்டி உடைக்கும் ஊசிக்கருவி, புனல், தூளை அழுத்தி இறுக்கும் டாம்பர் ஆகியவை பெட்டியிலேயே வருகின்றன. பாஸ்கெட்டின் துளைகள் கொண்ட அடிப்பக்கம் மறைக்கப்படாமல் இருப்பதுதான் இதன் பெரிய சிறப்பு. தொடக்கநிலை மின் இயந்திரங்கள் பலவற்றில் ஒற்றைத் துளை கொண்ட இரட்டைச் சுவர் பாஸ்கெட் இருக்கும்; தூள் எப்படி இருந்தாலும் அது நுரையைக் காட்டிவிடும், ஆகவே தவறு எங்கே என்று கற்றுக்கொள்ள வழியில்லை. இங்கே எல்லாம் கண்ணெதிரே தெரியும்.

தண்ணீரைச் சூடாக்கும் அமைப்பு இதில் இல்லை. எனவே கொதிநீரை ஒருமுறை, முடிந்தால் இருமுறை, தொட்டியில் ஊற்றி கருவியின் உடலைச் சூடேற்றிக்கொள்வது கட்டாயம். அதைத் தவிர்த்தால் நீரின் சூடு 90 பாகைக்குக் கீழே இறங்கி, காப்பி புளிக்கும். சூடேற்றியபின் தூளிட்டு, ஊசியால் கிளறி, சமமாக அழுத்தி மூடி, அடுப்பிலிருந்து இறக்கிய நீரை நேரே ஊற்றி, தராசின்மேல் கோப்பையை வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும். முதல் சில அழுத்தல்களுக்குப் பின் சற்று நிறுத்தினால் தூள் முழுவதும் நனைகிறது. பிறகு தொடரும்போது பாஸ்கெட்டின் விளிம்பைச் சுற்றிக் கறுத்த துளிகள் முத்து முத்தாக அரும்பி, நடுவை நோக்கி நகர்ந்து ஒன்றுகூடி, தேன்போன்ற ஒற்றை இழையாக இறங்கும். அந்த இழையில் அடர்பழுப்பும் வெளிர்பழுப்பும் வரிவரியாக ஓடும். பிறகு நிறம் மெல்ல வெளிறும். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி, 25 முதல் 30 நொடிக்குள் என்பது தொடங்குகிறவருக்கு நல்ல இலக்கு. தூள் ஓரிடத்தில் தளர்ந்திருந்தால் அங்கிருந்து மெல்லிய பீச்சல் பக்கவாட்டில் தெறிக்கும். அதைப் பார்த்ததும் அடுத்த முறை எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது புரிந்துவிடும்.

ஆனால் இந்தக் கருவியைவிட முக்கியமானது கிரைண்டர். கடையில் அரைத்து வாங்கும் ஃபில்டர் காப்பித்தூளை இதில் இட்டால் இரண்டு சிக்கல்கள். அரைவையை மாற்ற முடியாது என்பது ஒன்று. சிக்கரி கலந்திருந்தால் அது நீரில் ஊதி வழியை அடைத்துக்கொள்ளும் என்பது மற்றொன்று. கத்தி சுழலும் மிக்ஸி அரைவையில் பொடியும் குருணையும் கலந்து வருவதால் அதுவும் உதவாது. நான் பயன்படுத்துவது கிங்கிரைண்டர் கே6. வெளிவளையத்தை ஒரு கிளிக் திருப்பினால் அதன் பர் (கொட்டையை அரைக்கும் பல்சக்கரம்) 16 மைக்ரான் மட்டும் நகரும். இந்த நுண்மை இருந்தால்தான், 18 நொடியில் ஓடிப் புளித்த காப்பியை ஓரிரு கிளிக் நைசாக்கி 27 நொடிக்குக் கொண்டுவர முடியும்; சொட்டுச் சொட்டாக வந்து கசந்தால் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு பொருள்களின் விலையையும் கூட்டினால் ஓரளவு நல்ல மின் இயந்திரத்தின் விலையை நெருங்கும். ஆனால் அந்த மின் இயந்திரத்துக்கும் தனியே கிரைண்டர் வாங்கியே ஆக வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. கையிருப்பு குறைவென்றால் கிரைண்டரை முதலில் வாங்கி, பிக்கோபிரெசோ வாங்கும்வரை வீட்டு ஃபில்டரிலேயே புதிதாக அரைத்த தூளைப் போட்டுக் குடியுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய சில சங்கதிகளும் இதில் உண்டு. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் காற்றின் ஈரம் காப்பிக்கொட்டையில் ஏறிவிடும். குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் இன்னும் அதிகம். காற்றுப் புகாத சிறு பாட்டில்களில் பிரித்து அடைத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் திறப்பது நல்லது. வறுத்த தேதி அச்சிட்ட பொதியாகப் பார்த்து வாங்கி, ஒரு வாரம் ஆறவிட்டு, மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். புளிப்பு பிடிக்காதவர்களுக்கு, மேற்குக் கரையின் மழைக்காற்றில் ஊறவிட்டுப் பதப்படுத்தும் மான்சூன்ட் மலபார் கொட்டை பொருந்தும். அதில் புளிப்பு மிகக் குறைவு, க்ரீமாவும் தாராளம். தண்ணீரைப் பொறுத்தவரை, கடலோரக் கிணற்றின் உப்புநீரில் நல்ல கொட்டையும் மங்கிப்போகிறது. முக்கடல் அணையிலிருந்து வரும் குழாய்நீர் எங்களுக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் கேஸ் அடுப்பும் இந்தக் கருவியும் இருந்தால் காப்பி நிற்பதில்லை. இங்குள்ளவர்களுக்கு அதுவே பெரிய வசதி.

கருப்பட்டி பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு ஷாட்டில் (ஒருமுறை எடுத்த எஸ்பிரெசோவில்) இருமடங்கு வெந்நீர் சேர்த்து, வடிகட்டிய கருப்பட்டிப் பாகு ஒரு தேக்கரண்டி விட்டால், நாம் காலங்காலமாகக் குடித்த கருப்பட்டிக் காப்பியின் மணமும் எஸ்பிரெசோவின் கனமும் ஒன்றுசேர்ந்து வருகின்றன. சீனி கலக்காத கருப்பட்டியாக இருக்க வேண்டும். பாலுடன் வேண்டுமென்றால் பாகை ஆறவைத்து, பாலை இறக்கியபின் சேருங்கள். கொதிக்கும் பாலில் விட்டால் திரிந்துபோகலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அழுத்தமானி இதில் இல்லை. கையின் எதிர்ப்பையும் நொடிகளையும் வைத்தே கணிக்க வேண்டும். பாலை நுரைக்கும் நீராவிக் குழாயும் இல்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் கழற்றி, சக்கையைத் தட்டி, கழுவி, மறுபடி சூடேற்ற வேண்டியிருப்பதால் காலையில் நான்கு பேருக்கு அடுத்தடுத்துப் போடுவது பெரும்பாடு. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் பலருக்கும் பால் காப்பியே வேண்டுமென்றால் நீராவிக் குழாயும் ஒற்றைச் சுவர் பாஸ்கெட் பொருத்தும் வசதியும் உள்ள மின் இயந்திரத்தைப் பாருங்கள். அப்போதும் மேலே சொன்ன கிரைண்டரே போதும்.