முதலாளி கட்டாத ஓய்வூதியப் பங்கு: கோர்ட்டா, நடுவரா, வாரியமா?

அமெரிக்காவில் கட்டுமானம், லாரிப் போக்குவரத்து போன்ற தொழில்களில் ஒரே ஓய்வூதிய நிதிக்குப் பல முதலாளிகள் பணம் கட்டுகிறார்கள். எவ்வளவு கட்டுவது என்பதைத் தொழிற்சங்கத்துடன் போட்ட ஒப்பந்தம் சொல்லும். நிதியை நிர்வகிக்கும் அறங்காவலர் குழுவில் சங்கத் தரப்புக்கும் முதலாளித் தரப்புக்கும் சம இடம் வேண்டும் என்கிறது 1947-இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம். ஒருவர் கட்டாமல் விட்டாலும், உழைத்த காலத்துக்கான ஓய்வூதியத்தை நிதி பொதுவாகக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தச் சுமை ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் தலையில்தான் விழும். அதனால்தான் பாக்கி வசூலை நான் வெறும் கணக்கு வழக்காகப் பார்ப்பதில்லை.

பாக்கியை வசூலிக்கக் கோர்ட், நடுவர், தொழிலாளர் வாரியம் என்ற மூன்று வழிகளில் வலுவானது ஃபெடரல் கோர்ட். ஓய்வூதிய நிதிகளை ஒழுங்குபடுத்தும் 1974-இன் எரிசா சட்டத்தில் 1980-இல் சேர்ந்த 515ஆம் பிரிவு, ஒப்பந்தப்படி கட்டுவதைச் சட்டக் கடமையாகவே ஆக்கியது. நிதிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தால் அசல், வட்டி, வக்கீல் செலவு எல்லாம் கிடைக்கும். அதற்கு மேல், இன்னொரு மடங்கு வட்டி அல்லது ஒப்பந்தத்தில் குறித்த அபராதம் (பொதுவாக 20 சதவீதம் வரை), இரண்டில் எது அதிகமோ அதுவும் சேரும். இவற்றைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரமில்லை. “கட்ட வேண்டாம் என்று சங்கத்துக்காரரே வாயால் சொன்னார்” என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. எழுத்தில் உள்ளதே கணக்கு. சம்பளப் பதிவேடுகளைத் தணிக்கை செய்யும் அறங்காவலர்களின் உரிமையை உச்ச நீதிமன்றம் 1985-இல் ஏற்றது. மறைத்த வேலை நேரம் அங்கேதான் அகப்படும் என்பதால், வழக்குக்கு முன் தணிக்கையை முடிப்பதே நல்லது.

கோர்ட்டுக்கு வெளியே நடக்கும் நடுவர் விசாரணை செலவு குறைந்தது. இந்த வேலை ஒப்பந்தத்துக்குள் வருமா என்பது போன்ற சங்கத்தின் சந்தேகங்களுக்கு அது போதும். ஆனால் முடிவை முதலாளி மதிக்காவிட்டால் மறுபடி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அறங்காவலர்கள் முதலில் நடுவரிடம் போகத் தேவையில்லை என்று 1984-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

அப்படியானால் எப்போதும் கோர்ட்தானா? ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டால் நிலைமை தலைகீழ். புது ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கும்போது முதலாளி தன்னிச்சையாகப் பங்கை நிறுத்தினால், அதற்கு 515ஆம் பிரிவு பொருந்தாது என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அட்வான்ஸ்டு லைட்வெயிட் கான்கிரீட் நிறுவனம் தொடர்பான வழக்கு அது. அந்தக் காலப் பாக்கிக்கு, சங்க-முதலாளி தகராறுகளை விசாரிக்கும் அரசு அமைப்பான தேசிய தொழிலாளர் உறவு வாரியத்தைத்தான் நாட வேண்டும். வாரிய வக்கீல்களே வழக்கை நடத்துவதால் சங்கத்துக்குச் செலவு குறைவு. ஆனால் புகாருக்கு ஆறு மாதமே கெடு, எரிசாவின் கட்டாய அபராதம் கிடையாது, வாரிய உத்தரவை அமல்படுத்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் துணையும் வேண்டும். பேரம் பேசும் நாட்களில் தொழிலாளிக்கு இவ்வளவு மெலிந்த பாதுகாப்பு இருப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து.

ஆகவே பாக்கிப் பட்டியலுக்கு முன் ஒப்பந்தம் முடியும் தேதியைப் பாருங்கள். புது ஒப்பந்தம் பேசும் சங்கங்கள், “அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பங்கு தொடரும்” என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். அப்போது காலாவதிக்குப் பிந்திய பாக்கியையும் ஒப்பந்தக் கடமை என்று கோர்ட்டில் வாதாட வழி இருக்கும்.