நோட்புக்எல்எம்: எம்.இ. பிராஜெக்ட்டுக்கு எதுவரை நம்பலாம்?

அண்ணா பல்கலைக்கழக எம்.இ.யில் மூன்றாம் செமஸ்டரில் பிராஜெக்ட் ஃபேஸ் 1, நான்காவதில் ஃபேஸ் 2. பேப்பர்கள் குவியும், கைடு வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கினாலே பெரிது. அந்த இடைவெளியை கூகுளின் ஏ.ஐ. கருவியான நோட்புக்எல்எம் ஓரளவு நிரப்புகிறது.

இலவசக் கணக்கில் ஒரு நோட்புக்குக்கு 50 ஆவணம், நாளைக்கு 50 கேள்வி. இதன் பலமே, நாம் ஏற்றிய ஆவணத்தைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வதும், பதிலில் எண் போட்டு மூலப் பத்தியைத் திறந்து காட்டுவதும்தான்.

இது ஏன் முக்கியம்? எம்30 கான்கிரீட்டின் எலாஸ்டிக் மாடுலஸை (அதன் விறைப்பைக் காட்டும் எண்) எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவான சாட்பாட் அமெரிக்க கான்கிரீட் கோடான ஏ.சி.ஐ. 318-இன் 4700-ஐ எடுத்து, 30-இன் வர்க்கமூலத்தோடு பெருக்கி 25,743 மெகாபாஸ்கல் என்று சொல்லிவிடக்கூடும். நம்ம இந்திய கோடான ஐ.எஸ். 456:2000-இல் அந்த எண் 5000, விடை 27,386. ஆறு சதவீதம்தானே என்று விட முடியாது. ஏ.சி.ஐ. கேட்பது சிலிண்டர் வலிமை. எம்30-இல் உள்ள 30 என்பது 150 மி.மீ. கியூபின் வலிமை. சிலிண்டருக்கு சுமார் 0.8 மடங்கு என்று மாற்றிப் போட்டால் 23,025-க்கு இறங்கும். ஐ.எஸ். கோட் பிடிஎஃப்பை ஏற்றிவிட்டுக் கேட்டால் பதில் 6.2.3.1 பிரிவிலிருந்து வரும். எண்ணைத் தட்டிப் பத்தியைப் படியுங்கள்: அளந்து பார்க்கும் மதிப்பு 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அங்கேயே போட்டிருக்கிறது. சுருக்கத்தில் முதலில் உதிர்வது இந்த மாதிரி வரிதான். ரிவ்யூவில் கேள்வி வருவதும் இதில்தான்.

ஸ்கேன் செய்த பழைய பிடிஎஃப் என்றால் கவனம் தேவை. எழுத்துணர்வில் (ஓ.சி.ஆர்.) வர்க்கமூலக் குறியும் அடுக்கெண்ணும் தொலைந்துபோகும். அட்டவணையின் பத்திகள் இடம் மாறும். சமன்பாட்டையும் அட்டவணையையும் கண்ணால் பார்க்காமல் தீசிஸில் ஏற்றாதீர்கள்.

லிட்டரேச்சர் ரிவ்யூவில் இன்னொரு பொறி. ஒரு பேப்பரின் முன்னுரை வேறொருவரின் முடிவைச் சொல்லியிருக்கும். சுருக்கம் அதை இந்தப் பேப்பரின் கண்டுபிடிப்பாக்கிவிடும். “இந்த முடிவு ஆசிரியர்களின் சொந்தச் சோதனையா, மேற்கோளா? எத்தனை மாதிரி, என்ன அளவு?” என்று ஒவ்வொரு பேப்பருக்கும் தனியாகக் கேட்டால் பெரும்பாலும் பிடிபடும். பத்துப் பேப்பரை ஒரே கேள்வியில் அடக்கினால் பதில் பொத்தாம்பொதுவாகத்தான் வரும்.

கட்டமைப்புகளைக் கணினியில் பகுப்பாய்வு செய்யும் அபாகஸ் மென்பொருளுக்கு இன்புட் ஃபைல் எழுத நோட்புக்எல்எம் சரிப்படாது, பொது சாட்பாட்தான் தோது. ஆனால் அபாகஸுக்கு அலகு கிடையாது; ஒன்றுக்கொன்று பொருந்தும் அலகுகளை நாம்தான் போட வேண்டும். மி.மீ., நியூட்டனில் மாடல் செய்தால் எஃகின் அடர்த்தி 7.85×10⁻⁹ (கன மி.மீ.க்கு டன்), சாட்பாட் 7850 (கன மீட்டருக்குக் கிலோ) என்று போட்டால், சொந்த எடையைச் சேர்க்காத ஸ்டாட்டிக் அனாலிசிஸ் எதுவும் நடக்காததுபோல ஓடும். 1 மீட்டர் நீளம், 20×40 மி.மீ. குறுக்குவெட்டுள்ள எஃகு கான்டிலீவரின் முதல் அதிர்வெண் 16.3 ஹெர்ட்ஸ் வரவேண்டும், வருவது 0.0000163. அதிர்வெண்ணைக் கணிக்கும் மோடல் அனாலிசிஸ் ஓட்டாதவருக்கு இந்தத் தப்பு தெரியாமலே போகலாம். கைக்கணக்கு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

வைவா ஒத்திகைக்கு நோட்புக்எல்எம் நன்றாகவே உதவுகிறது. “ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, விடையைச் சொல்லாதே, என் பதிலில் ஓட்டை இருந்தால் அதையே குடை” என்று ஆங்கிலத்திலோ தமிழிலோ கொடுங்கள். நடுவில் வேண்டுமென்றே ஒரு தப்பான பதிலைச் சொல்லிப் பாருங்கள். ‘சரியாகச் சொன்னீர்கள்’ என்று தலையாட்டினால் அந்த அமர்வை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது. கைடு இப்படித் தலையாட்ட மாட்டார்.

இரண்டு குரல்கள் உரையாடும் ஆடியோ தமிழிலும் கிடைக்கிறது. பஸ்ஸில் கேட்க இதம்; பேப்பரின் நோக்கம் புரியும், சமன்பாடு காதில் ஏறாது.

கம்பெனி பிராஜெக்ட்டின் டிராயிங், வெளிவராத லேப் டேட்டா இரண்டையும் கைடிடம் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

எம்.இ.க்குக் காசு கொடுத்து மேல் பிளான் வாங்கத் தேவையில்லை. பிஎச்.டி. செய்பவர்களுக்கு 50 ஆவணம் சீக்கிரமே தீர்ந்துவிடும். அவர்களும் தலைப்புவாரியாக நோட்புக் பிரித்துக்கொண்டால் இலவசக் கணக்கிலேயே நெடுநாள் ஓட்டலாம்.