ஜூலு சண்டை கேம்: பக்கத்துல உட்கார்ந்து ஆடலாமா, மெயில்ல டர்ன் அனுப்பலாமா?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்துக்கிட்டு, பிரிட்டிஷ் படை ஜூலு மக்களோட மோதின 1879 ஜூலு சண்டையையும், டச்சு வம்சாவளி போயர்களோட மோதின போயர் சண்டையையும் கம்ப்யூட்டர்ல ஆடற தமிழ் ஆளுங்க கொஞ்சம் பேருதான், அதுலயும் எதிர்ல மனுஷன் வேணும்னு கேக்கறவங்க இன்னும் கம்மி. நானும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருக்கற ஒரு அண்ணனும் ஆடறது ஏஜ் ஆஃப் ரைஃபில்ஸ், 1996-ல எஸ்எஸ்ஐங்கற கம்பெனி விட்ட, விண்டோஸுக்கு முந்தின டாஸ்ல ஓடற பழைய கேம், 1846-ல இருந்து 1905 வரைக்கும் உள்ள சண்டைங்க, பழைய டாஸ் கேமை ஓட்டற டாஸ்பாக்ஸ் சாஃப்ட்வேர் போட்டா இன்னைக்கும் ஓடும். ரெண்டு பேர் ஆட ரெண்டு வழி. ஒரே மெஷின்ல மாத்தி மாத்தி உட்காரற ஹாட்சீட், இல்ல நம்ம முறையை (டர்ன்) ஆடி முடிச்சு சேவ் ஃபைலை மெயில்ல அனுப்பறது. ரெண்டையும் ஆடிப் பாத்துட்டு நாங்க மெயிலுக்கே போயிட்டோம், அதனால இதுல நடுநிலைமை எல்லாம் எதிர்பாக்காதீங்க.

கம்ப்யூட்டர் கூட ஆடறதைப் பத்தி ரெண்டே வரி. ஜூலு பக்கத்தை அதுகிட்ட குடுத்தா நேரா துப்பாக்கி வாய்க்கே வந்து விழுது. ஜூலு படையோட பலமே 'மார்பு'ங்கற நடுப்படை நடுவுல நிக்க 'கொம்பு'ங்கற ரெண்டு பக்கப் படையும் சுத்தி வளைக்கறது, அதுக்குப் பொறுமையா ஒளிஞ்சு கிடக்கணும், அது மெஷினுக்கு வராது.

ஹாட்சீட்டோட நல்லது என்னன்னா சிரிப்பு, கேலி, டீ, எதிராளி முகம். புதுசா கத்துக்கறவனுக்கு இதுதான் சரி, "தம்பி அந்த கம்பெனியை லைன்ல நிறுத்துடா, காலம்ல நின்னா எல்லாரும் சுட முடியாது"ன்னு பக்கத்துலயே சொல்லிக்குடுக்கலாம் (கம்பெனின்னா சின்னப் படைப்பிரிவு, லைன்னா பக்கம் பக்கமா நிக்கறது, காலம்னா ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்). ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் மாதிரி சின்ன சண்டை, சுமார் 150 பிரிட்டிஷ்காரங்க உள்ள இருந்து முகாமைக் காப்பாத்துனது, அதெல்லாம் ஒரே சாயங்காலத்துல முடிஞ்சுடும். ஒரே தொல்லை, அவர் ஆடும்போது நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு திரும்பி உட்காரணும், இல்லன்னா ஒளிச்சு வெச்ச படை எங்கன்னு தெரிஞ்சுடும்.

நான் மெயில் பக்கம் சாஞ்சதுக்கு ஒரே காரணம் காத்திருப்பு. தூரமா போகணும்ங்கறதோ (எங்களுக்குள்ள சுமார் 80 கிலோமீட்டர்தான்) பெட்ரோல் செலவோ இல்ல. காலனி காலத்து சண்டைங்கள்ல ரெண்டு பக்கமும் சமமா இருக்காது, அதை யோசிச்சுப் பாருங்க. இசாண்ட்ல்வானாவை எடுத்துக்குவோம், 1879 ஜனவரி 22. பிரிட்டிஷ் தளபதி செம்ஸ்ஃபோர்ட் படையில பாதியை முன்னாடி கூட்டிக்கிட்டுப் போயிட்டார், கேம்ப்ல மிச்சம் இருந்தவங்க மேல சுமார் 20,000 ஜூலு வீரர்கள் வந்து இறங்கினாங்க, பிரிட்டிஷ் பக்கம் 1,300 பேருக்கு மேல செத்தாங்க. இதை கேம்ல வெச்சா பிரிட்டிஷ் ஆடறவன் கையில கொஞ்சம் கம்பெனிதான், மார்ட்டினி ஹென்ரி துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்பறதுன்னு முடிவு பண்ணிட்டு அஞ்சு நிமிஷத்துல டர்ன் முடிச்சுடுவான். ஜூலு ஆடறவனுக்கு ரெஜிமென்ட் ரெஜிமென்ட்டா நகர்த்தணும், இடது கொம்பு எங்க, வலது கொம்பு அந்தக் குன்றுக்குப் பின்னாடி போய்ச் சேருமா, ரிசர்வை இப்பவே விடலாமா, ஒரு டர்ன் அரை மணி நேரம் இழுக்கும். அதுவரைக்கும் அந்த பிரிட்டிஷ்காரன் சுவத்தைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்! பாவமா இருக்கும், ஜூலு ஆடறவனுக்கும் அவசரம் வந்துடும், "சரி சரி போகட்டும்"னு நேரா அடிக்கப் போவான், அப்புறம் கம்ப்யூட்டர் ஆடற மாதிரியே ஆயிடும். இத்தனைக்கும் நிஜத்துல ஜூலு படை ங்வெபெனி பள்ளத்தாக்குல சத்தமில்லாம மறைஞ்சு உட்கார்ந்திருந்துதான் அந்த சண்டையை ஜெயிச்சது.

மெயில்ல இந்தப் பிரச்சினையே இல்ல. அண்ணன் ராத்திரி சாப்பிட்டு முடிச்சு நிதானமா அரை மணி நேரம் நகர்த்திட்டு அனுப்புவார், நான் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷத்துல சுட்டுட்டு திருப்பி அனுப்புவேன். யாரும் யாருக்காகவும் உட்கார்ந்து இருக்கல. அதைவிடப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு, ஒரே சண்டையை பக்கம் மாத்தி ரெண்டு ஆட்டமா ஒரே நேரத்துல ஓட்டலாம். ஒரு ஆட்டத்துல நான் பிரிட்டிஷ், இன்னொண்ணுல ஜூலு. சமமில்லாத சண்டையில யாரு கெட்டிக்காரன்னு தெரிய வேற வழி இல்லை, யாரு அதிக நேரம் தாக்குப் பிடிச்சான்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும். ஹாட்சீட்ல ஒரு ஆட்டம் முடியறதுக்குள்ளயே வீட்டுல கூப்பிட ஆரம்பிச்சுடுவாங்க. 2023-ல இங்க லோட் ஷெட்டிங் (முறை வெச்சு கரண்ட் நிறுத்தறது) ஸ்டேஜ் 6 வரைக்கும் போய் ரொம்ப நேரம் கரண்ட் இல்லாதப்ப கூட மெயில் ஆட்டம் நிக்கல, கரண்ட் வந்ததும் ஆடி அனுப்பினா போச்சு.

குறை இருக்கு. நாலு நாள் கழிச்சு ஃபைலைத் திறந்தா நம்ம திட்டமே நமக்கு மறந்திருக்கும், நான் ஒரு நோட்டுல "இடது கொம்பு காத்திருக்கட்டும்"னு எழுதி வெச்சுக்கறேன். அப்புறம் டர்னை ஆடிப் பாத்துட்டு பிடிக்கலைன்னா திரும்ப லோட் பண்ணி ஆடற ஆளுங்க இருக்காங்க, அதைத் தடுக்கறது நம்பிக்கை ஒண்ணுதான், தெரிஞ்ச ஆளு கூட ஆடுங்க. பெரிய சண்டைங்க எப்படிப் போகும்னு உறுதியா சொல்லத் தெரியலை, போயர் சண்டையில வர ஸ்பியன் காப் குன்றுச் சண்டையை இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம். 1900 ஜனவரி 24, குன்று உச்சியில ஆழமில்லாத குழியில பிரிட்டிஷ்காரங்க, சுத்தி போயர் பீரங்கி. (காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படை ஸ்ட்ரெச்சர் தூக்கினது இங்கயும்தான், அதுல ஒப்பந்தக் கூலிங்க நிறைய பேர். கேம்ல அவங்களுக்கு ஒரு பொம்மை கூட இல்லை, எனக்கு அது உறுத்தும்.) ரெண்டு பேரும் ஆன்லைன்ல ஒரே நேரத்துல ஆடற புது கேம்ங்க நான் அதிகம் தொட்டதில்ல, அதனால அதை இங்க இழுக்கல.

மெயில்ல ஆரம்பிக்கறவங்க முதல்லயே பேசி வெச்சுக்க வேண்டியது ஒண்ணு: எத்தனை நாளைக்குள்ள டர்ன் வரணும். நாங்க மூணு நாள்னு வெச்சிருக்கோம், தைப்பூசம், தீபாவளி வந்தா கணக்குல சேராது, மத்த நாள்ல தாண்டினா வாட்ஸ்அப்ல "அண்ணே, கொம்பு எங்க"ன்னு ஒரு மெசேஜ்.