தொட்டால் எரியும் எல்இடி விளக்கு: ஆர்டுயினோவா, டிடிபி223-ஆ, ஈஎஸ்பி32-ஆ?

அப்பாவின் கட்டில் தலைமாட்டுக்கு ஒரு விளக்கு செய்தேன். தேக்குப் பலகை, அடியில் ஒரு மீட்டர் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப். ராத்திரி எழுந்தால் சுவிட்சைத் தேடாமல், பலகையைத் தொட்டதும் எரிய வேண்டும். மூன்று வழிகளையும் அதே பலகையில் ஒன்று மாற்றி ஒன்று பொருத்திப் பார்த்துவிட்டேன்.

ஆர்டுயினோ ஊனோ என்னும், புரோகிராம் எழுதி ஓட்டும் சிறு போர்டில் இரண்டு பின்களுக்கு (இணைப்புக் கால்களுக்கு) நடுவே 1 மெகா ஓம் ரெசிஸ்டர், ஒரு துண்டு செப்புத் தாள், தொடுதலை அளக்கும் ஆயத்த புரோகிராமான கெபாசிட்டிவ்சென்சார் லைப்ரரி. செலவே இல்லை. ஆனால் லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது வந்த எண்கள் வேறு, சார்ஜரைக் கழற்றியதும் வந்தவை வேறு. எர்த் மாறினால் அளவும் மாறுகிறது. கற்றுக்கொள்ள அருமையான வழி. தினமும் எரிய வேண்டிய விளக்குக்குச் சரிவராது.

டிடிபி223 என்னும் தொடு உணரி மாட்யூல் 20, 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 2 முதல் 5.5 வோல்ட் வரை ஓடும், புரோகிராம் தேவையில்லை. பின்னால் 'பி' என்று இருக்கும் இடத்தை ஈயம் வைத்து இணைத்தால், ஒரு தொடலில் எரியும், மறு தொடலில் அணையும். அதன் அவுட்புட் சில மில்லிஆம்பியர்தான் தரும், ஸ்ட்ரிப்பை நேரடியாக இழுக்காது. நடுவே ஒரு மாஸ்ஃபெட் (சிறு சிக்னலால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுங்கள். 5 வோல்ட்டில் ஐஆர்எல்இசட்44என் நன்றாகத் திறக்கிறது. ஐஆர்எஃப்540 வாங்க வேண்டாம், 5 வோல்ட்டில் அது அரைகுறையாகத் திறந்து சுடும். பலகையின் அடிப்பக்கத்தை 3 மில்லிமீட்டர் கனம் மிஞ்சும்வரை குடைந்து ஒட்டினேன். ஒட்டியபின் ஒருமுறை பவரை அணைத்துப் போடுவது முக்கியம்: பவர் வரும் நொடியில் அது தன் சுற்றுப்புறத்தை முதலில் அளந்து வைத்துக்கொள்கிறது. அப்போது கை பக்கத்தில் இருக்கக்கூடாது.

குறை ஒன்று உண்டு, எனக்கு அது பெரிய குறை. கரண்ட் போய் வந்தால் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தே கிடக்கும். இன்னொரு குறை, வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

ஈஎஸ்பி32-இல் (இதுவும் புரோகிராம் எழுதி ஓட்டுவதுதான்) இரண்டுக்கும் வழி இருக்கிறது. முதல் தலைமுறைச் சிப்பில் 10 தொடு பின்கள். விரல் பட்டால் அந்தப் பின் அளக்கும் எண் இறங்கும். எஸ்2, எஸ்3 சிப்களில் ஏறும், அதனால் ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றில் தலைகீழாக வேலை செய்யும். சி3-இல் தொடு பின்னே கிடையாது. அணைந்த நிலையையும் எரிந்த நிலையையும் கரண்ட் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதி வைக்கலாம், விரலை அழுத்தி வைத்திருக்கும்வரை மங்கச் செய்யலாம். ஆனால் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு விளக்கு தானாக எரிந்தது, அப்பா பதறி எழுந்துவிட்டார். தொடு ஒயரையும் ஸ்ட்ரிப் ஒயரையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தேன். பிரித்து, நான்கு விரற்கடைக்குச் சுருக்கியதும் பெரும்பாலும் அடங்கியது. முழுதாக அல்ல, மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்ததும் அடிப்படை எண்ணே நகர்ந்துவிட்டது.

இப்போது பலகையில் இருப்பது இரண்டும் சேர்ந்தது. டிடிபி223-ஐ 'பி' இணைக்காமல், 3.3 வோல்ட்டில், விரலை உணர மட்டும் வைத்திருக்கிறேன். ஈரத்துக்கு ஏற்ப அது தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. அதன் அவுட்புட் ஈஎஸ்பி32-இன் சாதாரண பின்னுக்குப் போகிறது. நினைவும் மங்கலும் அங்கே. அப்பா லேசாகத் தொட்டால் எரிகிறது, விரலை வைத்திருந்தால் குறைகிறது. கரண்ட் போய் வந்தாலும் அவர் விட்ட வெளிச்சத்திலேயே திரும்ப எரிகிறது.